வாங்கிய பெயர் சும்மா கிடந்தால் காசு தராது

டொமைன், அதாவது இணையதளத்தின் பெயர், வாங்கிப் போட்டால் பின்னால் நல்ல விலைக்குப் போகுமாமே என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் வாய்ஸ் டாட் காம் 2019இல் 3 கோடி அமெரிக்க டாலருக்கு விற்ற கதையைச் சொல்லியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக நாலைந்து பெயரைப் பதிவு செய்து, மறுநாள் காலையில் எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள்: "அண்ணே, இது எவ்வளவு போகும்?" அந்த விற்பனை உண்மைதான். ஆனால் விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி என்கிற பெரிய நிறுவனம், எல்லாரும் இணையம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இப்படிப்பட்ட ஒற்றைச் சொல் பெயர்களைச் சேர்த்து வைத்தவர்கள். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு, நல்ல பெயரெல்லாம் போன பிறகு, நாம் பதிவு செய்யும் பெயரை அதோடு வைத்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது.

எனக்குப் பகலில் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. இரவிலும் சனி ஞாயிறிலும் இந்த வேலை. சில டொமைன்கள் கையில் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் தளம் கட்டி ஓட்டுகிறேன். வேலையை விட்டுவிடும் அளவுக்கு வருமானம் இல்லை, ஆனால் கார் தவணையும் பிள்ளையின் டியூஷன் காசும் அதிலிருந்துதான் போகிறது. அந்த அளவில் நின்று பேசுகிறேன், அதற்கு மேல் தெரிந்தவன் மாதிரி பேச வரவில்லை.

முதலில் சும்மா வைத்திருக்கும் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். பார்க்கிங் என்று ஒன்று உண்டு. பெயரை ஒரு கம்பெனியிடம் கொடுத்தால் அவர்கள் அதில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் போட்டு விளம்பர இணைப்புகளைக் காட்டுவார்கள், யாராவது தவறி வந்து அதை அழுத்தினால் நமக்குச் சில காசு. ஒரு காலத்தில் மக்கள் முகவரிப் பட்டியிலேயே நேராகப் பெயரைத் தட்டுவார்கள், அதனால் அது ஓடியது. இப்போது யார் தட்டுகிறார்கள்? எல்லாம் கூகுள், டிக்டாக், வாட்ஸ்அப். பார்க்கிங்கில் விட்ட என் பெயர்களிலிருந்து வருஷ முடிவில் வந்தது ஒரு தே தாரிக் காசுகூட இல்லை. சரி, விற்கலாம் என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: சுமாரான பெயர் நூறு வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு விற்கும். மற்ற தொண்ணூற்றெட்டுக்கும் வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும்.

அந்தக் கட்டணமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. டாட் காம் பெயர்களின் மொத்தவிலை வெரிசைன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 7.85 டாலராக இருந்தது 2021இலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆகிவிட்டது. அதன்மேல் நாம் வாங்கும் பதிவு நிறுவனத்தின் லாபம் வேறு. நாம் சம்பாதிப்பது வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், கட்டுவது டாலரில். 2024 தொடக்கத்தில் ரிங்கிட் ஒரு டாலருக்கு 4.80 வரை இறங்கியபோது புதுப்பிக்கும் பட்டியலைப் பார்த்தே சில பெயர்களை விட்டுவிட்டேன். முதல் வருஷம் ஒன்றிரண்டு டாலர் என்று ஆசைகாட்டும் புதுவகை நீட்சிகள், பெயரின் கடைசியில் டாட் காமுக்குப் பதிலாக வருபவை, இருக்கின்றனவே, அவற்றின் இரண்டாம் வருஷ விலையை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.

அப்படியென்றால் டொமைனே வேண்டாமா, பேஸ்புக் பக்கம் போதாதா? இதற்குத் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரே ஓர் உதாரணம்தான் சொல்வேன். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்தோம். வாசலில் முருங்கை, பின்னால் ஆட்டுக் கொட்டகை, அப்பா சொந்தக் காசில் போட்ட சிமெண்டுத் தரை. தோட்டம் கைமாறியது, ரப்பரைத் தள்ளிவிட்டுச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, போட்டார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. முருங்கைக்கும் சிமெண்டுக்கும் யாரிடம் நஷ்டஈடு கேட்பது? பேஸ்புக் பக்கம் அந்த லயத்து வீடுதான். பத்தாயிரம் பேர் பின்தொடர்வார்கள், ஒருநாள் காலையில் கணக்கை முடக்கிவிடுவார்கள், முறையிட ஓர் ஆபீஸ்கூட இருக்காது. எங்கள் ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நேரத்தில், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிவிடட்டும் என்பதற்காகத்தான். சொந்தமாக இருக்க வேண்டும் என்கிற அந்த எண்ணம் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஆனால் ஒன்று, டொமைனும் முழுப் பட்டா இல்லை. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். விட்டால் போச்சு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது எனக்குச் சோறு போடும் தளத்துக்கு வருகிறேன். கல்யாண மண்டபம் பற்றியது. சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதணி விழா, நிச்சயம் வைக்கிறவர்களுக்கு மண்டபம், மணவறை அலங்காரம், சாப்பாடு எல்லாம் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தளம். பெயர் ஆங்கிலச் சொற்கள் இரண்டு சேர்ந்தது, மலேசியாவுக்கான டாட் மை நீட்சியோடு. தளம் கட்டுவதற்கு முன்பு நான் பார்த்தது ஒன்றே ஒன்று: கூகுளில் அந்தச் சொற்களைத் தட்டினால் கீழே என்னென்ன பரிந்துரை வருகிறது, முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள். மண்டபங்களின் பேஸ்புக் பக்கங்களும் செத்துப்போன சில பழைய பட்டியல்களும்தான் இருந்தன. அந்த இடத்துக்குப் போட்டி போடலாம் என்று தெரிந்தது. எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும் கூகுளின் கீவேர்ட் பிளானர் காட்டிய எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிறவர் பொழுதுபோகாமல் தேடுவதில்லை, அவர் கையில் ஒரு தேதியும் ஒரு பட்ஜெட்டும் இருக்கிறது. ஆயிரம் பேர் சமையல் குறிப்பு படிப்பதைவிட அப்படிப்பட்ட பத்துப் பேர் மேல்.

எழுத்து வேலையைவிட நடைவேலைதான் அதிகம். ஒவ்வொரு மண்டபமாக நேரில் போனேன். எத்தனை நாற்காலி, எத்தனை கார் நிற்கும், ஏர்கான் உண்டா, கோயில் மண்டபமாக இருந்தால் அசைவம் சமைக்க விடுவார்களா, வெளிச் சமையல்காரரைக் கொண்டுவரலாமா அல்லது அவர்கள் சொல்லும் ஆளைத்தான் எடுக்க வேண்டுமா, ஹோமம் வளர்க்கலாமா, முதல்நாள் இரவே அலங்காரக்காரர் உள்ளே போகலாமா, இரவு எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்த வேண்டும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா. கல்யாண வீட்டுக்காரர்கள் இதைத்தான் போன் போட்டுப் போட்டுக் கேட்டு அலுத்துப்போகிறார்கள், இதை யாருமே எழுதி வைக்கவில்லை. படங்களை என் போனிலேயே எடுத்தேன், காலியாக இருக்கும்போது ஒன்று, அலங்காரத்தோடு ஒன்று. கழிப்பறையையும் எடுத்தேன், சிரிக்காதீர்கள், பெண்கள் அதிகம் பார்க்கும் படங்களில் அதுவும் ஒன்று.

தளத்துக்குக் கூட்டம் வர பல மாதம் பிடித்தது. புதுத் தளத்தைக் கூகுள் உடனே நம்பாது, பொறுக்கத்தான் வேண்டும். வர ஆரம்பித்த பிறகு காசாக்குவது எப்படி? கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் போடலாம், ஆனால் இந்தச் சின்ன எண்ணிக்கைக்கு அதில் வருவது ஹோஸ்டிங்குக்கே, அதாவது தளத்தை வைத்திருக்கும் இட வாடகைக்கே, சரியாய்ப் போகும். அதனால் ஒரு மணவறை அலங்காரக்கார அக்காவிடம் போனேன். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது:

"தம்பி, பேஸ்புக்குல ஒரு படம் போட்டா ஐந்நூறு லைக் வருது. உனக்கு எதுக்கு நான் காசு கொடுக்கணும்?"

"லைக் போட்டவங்கள்ல எத்தனை பேர் மணவறை புக் பண்ணினாங்க, அக்கா?"

பதில் சொல்லாமல் சிரித்தார். நானும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச காலம் இலவசமாக அவர் எண்ணைப் போட்டு விடுகிறேன், வரும் அழைப்பைப் பாருங்கள், பிறகு பேசுவோம் என்றேன். தளத்தில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் "இந்தத் தளத்தில் பார்த்தேன்" என்று ஒரு வரி தானாகவே செய்தியில் விழும்படி செய்து வைத்தேன். இந்த ஒரு வரிதான் முழு வியாபாரமும். அது இல்லாவிட்டால் வந்த வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில மாதத்தில் அவரே கூப்பிட்டார். விளம்பரம் என்று சொல்லிப் போனால் நம் ஊர்க் கடைக்காரர்கள் காசை எடுக்கமாட்டார்கள், போன் அடிப்பதைக் காட்டினால் எடுப்பார்கள்.

அவர் கேட்டது கமிஷன் முறை, புக்கிங் ஆனால் இத்தனை விழுக்காடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எது முடிந்தது, எவ்வளவுக்கு முடிந்தது என்று நான் போய்ச் சரிபார்க்க முடியாது. மாதாமாதம் சந்தேகம் வரும், பிறகு கல்யாண வீட்டில் பார்த்தால்கூட முகம் கொடுத்துப் பேச முடியாது. மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை, வட்டாரத்துக்கு ஓர் அலங்காரக்காரர்தான், இரண்டு பேர் கிடையாது. இந்த இரண்டாவது விஷயம்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது. ஆடியிலும் மார்கழியிலும் தேடல் அப்படியே படுத்துவிடும், தை பிறந்ததும், வைகாசியிலும் ஆவணியிலும், பள்ளி விடுமுறையிலும் ஏறும். இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆடி மாதம் உங்களுக்குப் போன் வரும், வேறு மாதிரிப் போன்.

இரண்டாவது தளம் செம்பனைக் கன்று. அதை மலாயில் கட்டினேன், பெயரும் மலாய்தான். நண்பர்கள் பலர் ஏன் தமிழில் இல்லை என்று கேட்டார்கள். கன்று வாங்குகிறவர் யார்? ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், அதற்கடுத்துச் சீனர்கள். அவர்கள் தமிழில் தேடமாட்டார்கள். தமிழர்களிலும்கூட, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, பொருள் வாங்கத் தேடும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோதான் தட்டுகிறார்கள். தமிழில் தேடுவது தேவாரம், ராசிபலன், சமையல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரை. மொழிப்பற்று வேறு, தேடல் பழக்கம் வேறு. காசு போடுவதற்கு முன்பு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

கன்றுத் தளம் ஏன் ஓடுகிறது என்றால் மரத்துக்கு வயதாகிறது. செம்பனையை ஏறக்குறைய 25 வருஷத்தில் மறுநடவு செய்துவிடுவார்கள், மரம் உயரமாகிவிட்டால் குலை வெட்டுவதும் சிரமம், விளைச்சலும் குறையும். அதனால் கன்றுக்குத் தேவை நிற்காது. வாங்குகிறவர்கள் கேட்பது மூன்று கேள்வி: கன்றுக்கு எத்தனை மாதம் (பொதுவாக ஒரு வருஷக் கன்றைத்தான் நட எடுப்பார்கள்), விதை எங்கிருந்து வந்தது, டூரா, பிசிஃபெரா என்ற இரண்டு வகையைச் சேர்த்த தெனெரா என்கிற கலப்பு வகைதானா அல்லது மரத்தடியில் பொறுக்கிய கொட்டையா, நாற்றுப் பண்ணைக்கு மலேசியச் செம்பனை வாரியத்தின் லைசென்ஸ் இருக்கிறதா. லைசென்ஸ் எண்ணைக் கொடுக்காத பண்ணையை நான் தளத்தில் ஏற்றுவதில்லை. கன்று மோசமாய்ப் போனால் தெரிவது நட்டு மூன்று நாலு வருஷம் கழித்து, குலை பிடிக்கும்போதுதான். அதற்குள் அவர் என் தளத்தின் பெயரை மறந்திருக்கமாட்டார். நான் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்து வளர்ந்தது, அதை எழுதுவதற்கு யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. தளம் கட்டப் பெயர் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: இந்த விஷயம் எனக்குத் தெரியுமா, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தொழில்காரரைப் பார்க்க முடியுமா. முடியாதென்றால் எவ்வளவு நல்ல பெயரானாலும் விட்டுவிடுகிறேன்.

தமிழில் கட்டியதும் ஒன்று இருக்கிறது, நம்ம ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான், அதுவரை தமிழ்த் தளத்துக்கு அந்த வழியே கிடையாது. அதன்பிறகு வருமானம் வருகிறது, ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், அந்த நூறு சேர்வதற்குள் ஒரு யுகம். படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள், அங்கிருந்து வரும் ஒரு கிளிக்குக்குக் கிடைப்பது இங்கிருந்து வருவதைவிடக் குறைவு. இந்தத் தளத்தை டாட் காமில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டாட் மை என்றால் இது மலேசியாவுக்கான தளம் என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். மண்டபத்துக்கு அது நல்லது, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆள் வேண்டும் என்கிற தளத்துக்கு அது இடைஞ்சல். இப்போது கூகுளே தேடல் பக்கத்தின் மேலே ஏஐ பதிலை எழுதிக் காட்டிவிடுகிறது, சமையல் குறிப்பு மாதிரியான தகவல் தளங்களுக்கு வரும் கூட்டம் என் கண்முன்னாலேயே குறைந்தது. மண்டபத் தளத்துக்கு அவ்வளவு அடி இல்லை, ஏஐ வந்து மணவறை கட்டிக் கொடுக்காது அல்லவா.

தமிழ் எழுத்திலேயே பெயர் வாங்கலாமா என்று ஆர்வமாகக் கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். இந்தியாவுக்கு டாட் இந்தியா, இலங்கைக்கு டாட் இலங்கை, சிங்கப்பூருக்கு டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே நாட்டு நீட்சி இருக்கிறது. மலேசியாவுக்குத் தமிழில் இல்லை, ஜாவி எழுத்தில்தான் ஒன்று இருக்கிறது. முதலீடு என்று பார்த்தால் நான் பரிந்துரைக்கமாட்டேன். சில இடங்களில் அந்தப் பெயரை ஒட்டினால் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்து வரிசையாக மாறிவிடும், பார்க்கிறவர் ஏமாற்று இணைப்பு என்று நினைத்து அழுத்தமாட்டார். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெயரில் எதைப் போடக்கூடாது என்பதற்கு என் நண்பர் ஒருவரின் கதை போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நல்ல உழைப்பாளி. ஆரம்பப் பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வுக்கான தமிழ்ப் பயிற்சிகள், மாதிரித் தாள்கள் எல்லாம் போட்டு ஒரு தளம் நடத்தினார், பெயரிலேயே தேர்வின் பெயர் இருந்தது. பெற்றோர் கூட்டம் அலைமோதும், ஒரு பயிற்சிப் புத்தகம் போடுகிறவர் நல்ல தொகைக்கு விலைகூடக் கேட்டார். 1988இலிருந்து நடந்துவந்த தேர்வு, அது போகும் என்று யார் நினைத்தார்கள்? 2020இல் கோவிட்டால் ரத்து, 2021இல் அரசாங்கம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. அடுத்த வருஷம் இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவத்துக்கான பிடி3 தேர்வும் போனது. பாடமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, இலக்கணம் மாறவில்லை, கட்டுரை மாறவில்லை, ஆனால் அந்தப் பெயரைத் தட்டித் தேட ஆள் இல்லை. அவர் எல்லாவற்றையும் பொதுவான பெயர் ஒன்றுக்கு மாற்றினார், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பிவிடலும் போட்டார். கொஞ்சம் கூட்டம் தப்பியது. தேர்வு, அரசுத் திட்டம், உதவித்தொகை, வருஷ எண், இவை பெயரில் வேண்டாம். அமைச்சர் மாறினால் உங்கள் சொத்து போய்விடும்.

பெரிய கம்பெனிகளின் பெயரைப் பதிவு செய்து அவர்களிடமே விற்கலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். செம்பனைக் கம்பெனி ஒன்றின் பெயரோடு வேலை என்ற சொல்லைச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார் ஒரு தம்பி. அது முதலீடு இல்லை, வம்பு. டாட் காமுக்கு யூடிஆர்பி என்கிற விதிமுறை 1999இலிருந்து இருக்கிறது, வணிகச் சின்னக்காரர் புகார் கொடுத்தால் பெயரைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவார்கள். டாட் மைக்கும் அதேமாதிரி விதி உண்டு, வழக்கு கோலாலம்பூரில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்துக்குப் போகும். அந்தத் தம்பி பெயரை விட்டுவிட்டார், நல்லவேளை.

காலாவதியான பழைய பெயரை வாங்கி அதன் பழைய மதிப்பில் ஏறிக்கொள்ளலாம் என்பது இன்னொரு யோசனை. அது முன்பு ஓடியது. 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் இதைப் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது, பழைய பெயரின் புகழுக்காக மட்டும் வாங்கி அதில் சம்பந்தமில்லாத குப்பையைப் போட்டால் தேடலிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஏஐயில் ஆயிரம் கட்டுரை எழுதிக் கொட்டுவதற்கும் அதே விதியில் அடி. அதற்கும் முன்னால், 2012லேயே, தேடும் சொல்லையே பெயராக வைத்த தரமில்லாத தளங்களை இறக்கிவிட்டார்கள். பழைய பெயர் எதையாவது வாங்குவதாக இருந்தால், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். பேராக்கில் இருக்கும் ஒரு ஊரின் பெயரை ஆசையாக வாங்கப் போனேன், பார்த்தால் நடுவில் கொஞ்ச காலம் அது சூதாட்டத் தளமாக இருந்திருக்கிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தொல்லை வேறு. கடைக்காரர் ஒருவர் தளம் செய்யச் சொல்லி ஓர் ஆளிடம் காசு கொடுப்பார், அந்த ஆள் டொமைனைத் தன் ஈமெயிலில், தன் பெயரிலேயே பதிவு செய்துவிடுவார். கடைக்காரருக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றாது. மண்டபக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. தளம் செய்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், எண்ணை மாற்றிவிட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த ஈமெயில் எல்லாம் அவருக்கே போனது. ஒருநாள் தளம் இல்லை. என்னிடம் வந்தபோது பார்த்தேன், பெயர் ரிடெம்ப்ஷனில், அதாவது தண்டம் கட்டி மீட்கும் கட்டத்தில், இருந்தது. டாட் காமில் காலாவதியானதும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வாய்ப்பு உண்டு, அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன், அதில் பல மடங்கு தண்டம், அப்புறம் 5 நாள் யாராலும் தொட முடியாது, அதன்பிறகு யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு. கணக்கு அந்த ஆளின் பெயரில் என்பதால் தண்டம் கட்டவும் மண்டபக்காரரால் முடியவில்லை. எங்கோ வெளிநாட்டில் யாரோ பிடித்துவிட்டார்கள். பல வருஷமாகப் பத்திரிகையிலும் பேனரிலும் அச்சடித்த பெயர். அவர் பேனரையெல்லாம் மாற்றி அடித்தார், அச்சடித்த கடைக்காரருக்குத்தான் லாபம். இன்றே போய்ப் பாருங்கள், உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் இருக்கிறது என்று. அந்த ஈமெயில் உங்கள் கையில் இருக்கிறதா, தானாகப் புதுப்பிக்க வைத்திருக்கிறீர்களா, அதில் கொடுத்த கார்டு இன்னும் செல்லுமா. கார்டு மாற்றும்போது இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

இலவச டொமைன் பற்றி ஒரு வரி. டாட் டிகே, டாட் எம்எல் என்று காசில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்களே, அதைக் கொடுத்த ஃப்ரீநோம் நிறுவனம் 2023இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வழக்குப் போட்டபிறகு புதுப் பதிவை நிறுத்தி, 2024இல் தொழிலையே விட்டுவிட்டது. இலவச மனையில் மாடி கட்டாதீர்கள்.

செலவு பெரிதில்லை. டொமைன், பலரோடு சேர்ந்து பங்கிடும் ஒரு பகிர்வு ஹோஸ்டிங், தளம் கட்ட வேர்ட்பிரஸ் மென்பொருள். பூட்டுக் குறிக்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டில் இலவசம், அதற்குக் காசு கேட்கும் ஹோஸ்டிங்காரரிடம் போகாதீர்கள். மாதாமாதம் காசு வாங்க ஆரம்பித்ததும் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் என் தொழிலைப் பதிவு செய்துகொண்டேன், சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. அது இருந்தால் பில் கொடுக்கலாம், டாட் காம் டாட் மை பெயரும் கேட்கலாம். வருமான வரிக் கணக்கிலும் இதைக் காட்டிவிடுங்கள், டாலரில் வந்தாலும் வருமானம் வருமானம்தான்.

விற்பதைப் பற்றி. வெறும் பெயருக்கு விலை வாங்குகிறவர் மனசில் இருக்கிறது, காசு வரும் தளத்துக்கு விலை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சின்னத் தளங்கள் பொதுவாக ஆண்டு லாபத்தின் இரண்டு, மூன்று மடங்குக்குக் கைமாறுகின்றன. ஃப்ளிப்பா மாதிரியான சந்தைகளில் போய்ப் பார்த்தால் அந்த அளவுதான் தெரியும். அதனால் முதல் மாதத்திலிருந்தே வரவு செலவை எழுதி வையுங்கள், வங்கிக் கணக்கைத் தனியாக வையுங்கள், யார் எப்படித் தேடி வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலையும் அனலிட்டிக்ஸையும் முதல் நாளே பொருத்துங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்பது அதைத்தான், அப்போது போய்ப் பொருத்தினால் பழைய கணக்கு கிடைக்காது. முகம் தெரியாத ஆளிடம் விற்றால், பெயர் கைமாறும்வரை காசை நடுவில் ஒருவர் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ வழியாக மட்டும். புதிதாகப் பதிவு செய்த பெயரை 60 நாளைக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு தேதி சொல்லுங்கள்.

மண்டபத் தளத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று அலங்கார அக்காவே இப்போது கேட்கிறார். மகள் தொழிலுக்கு வந்துவிட்டாளாம், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள், தளத்தையும் அவளே பார்த்துக்கொள்வாளாம். நான் மூன்று வருஷ லாபத்தைச் சொன்னேன், அவர் ஒன்றரை வருஷத்தில் நிற்கிறார். போட்டிக்காரர் யாராவது வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருக்கிறது, விற்றுவிட்டால் அந்த நடையெல்லாம் போய்விடுமே என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது, இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. தீபாவளி முடியட்டும், பேசலாம் என்றிருக்கிறார். அதுவரை மாதக் காசு வழக்கம்போல் வருகிறது, எனக்கும் அவசரம் இல்லை.